இறால் வளர்க்க ஐந்து லிட்டர் ஜாடி போதுமா?

2023 பிப்ரவரி 12

வாசகர் ஒருவரின் கேள்வி: ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி, அடியில் கொஞ்சம் மண், ஒரு பிடி ஜாவா பாசி, பத்து செர்ரி இறால். ஃபில்டர் வேண்டாம், உணவு வேண்டாம், தண்ணீர் மாற்றவும் வேண்டாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். எனக்குச் சென்னையில் மாடி வீடு. மேசைமேல் வைக்க ஆசை. நடக்குமா, ஏமாற்று வேலையா?

2023 பிப்ரவரி 12, இரவு

நடக்கும். காணொளி எடுத்து முடிக்கிறவரை நன்றாகவே நடக்கும். அந்த ஜாடிகளில் பல, வீட்டுக்குள் 20 டிகிரியே இருக்கிற ஊர்களில் வைக்கப்பட்டவை. பெரம்பூரில் என் மேசைமேல் மே மாத மதியத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர் 33 டிகிரிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். செர்ரி இறால் அழகுக்காக வளர்க்கும் சிறிய நன்னீர் இறால், அதன் பூர்வீகம் சீனா, தைவான் பக்கத்து ஓடைகள். 22 முதல் 26 டிகிரி வரை அதற்குச் சுகம். 28 வரை பொறுத்துக்கொள்ளும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் சுமக்கிற முட்டையை உதறும், பிறகு ஒவ்வொன்றாகச் சாகும்.

சிறிய தொட்டி சுலபம் என்பது விற்கிறவரின் வாதம். ஓர் இறால் கண்ணில் படாத மூலையில் செத்து அழுகினால் ஐந்து லிட்டரில் அது பெரிய விபத்து, நாற்பது லிட்டரில் நத்தைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று ஒரு தொட்டி ஒட்டித் தரச் சொல்லுங்கள். கொளத்தூரில் எந்தத் தொட்டிக் கடையிலும் செய்து தருவார்கள். விளிம்புவரை 42 லிட்டர் பிடிக்கும். மண்ணும் கல்லும் போக 35 மிஞ்சும். மேசை தாங்குமா என்று முதலில் பாருங்கள், தண்ணீர் மட்டுமே அத்தனை கிலோ.

2023 பிப்ரவரி 14

எந்த ஃபில்டர் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒரு சிறிய காற்று மோட்டார், போதும். தொட்டியின் விளிம்பில் தொங்கவிடுகிற வகை, பிறந்த குஞ்சுகளை உறிஞ்சிவிடும். குஞ்சு இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஸ்பான்ஜ் எதையும் விழுங்காது, போதாக்குறைக்கு அதன்மேல் படிகிற மெல்லிய வழுக்கலைக் குஞ்சுகள் நாள் முழுக்க மேய்ந்துகொண்டிருக்கும்.

தொட்டி வாங்கிய அன்றே இறாலும் வாங்காதீர்கள். கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதைச் செடிகள் எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக் கூட்டம் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் செடியும் நத்தையும் மட்டும். யாராவது கையளவு பழைய ஸ்பான்ஜைப் பிழிந்து கொடுத்தால் காத்திருப்பு குறையும்.

போர் தண்ணீர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், பி.எச். என்கிற அமில-கார அளவு அதில் ஏறியிருக்கலாம். 25 டிகிரியில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் அது ஐந்து சதவீதத்துக்கு மேல் போகும். தண்ணீர் சூடாக ஆக இன்னும் ஏறும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிழைத்த இறால் உங்கள் வீட்டில் செத்தால் கைராசியைக் குறை சொல்ல வேண்டாம்.

2023 பிப்ரவரி 26

தண்ணீர்க் கதை. நம் வீடுகளில் மூன்று வகை: மெட்ரோ, போர், ஆர்.ஓ. மெட்ரோவில் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும், அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி. போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஆர்.ஓ. தண்ணீரில் ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருக்கிறதே என்று அதை மட்டும் ஊற்றினால் இறாலுக்கு ஓடு கட்டக் கால்சியமும் மக்னீசியமும் கிடைக்காது. பழைய ஓட்டைக் கழற்றும்போது நடுவில் வெள்ளை வளையம் விழுந்து அப்படியே செத்துவிடும்.

செர்ரி இறாலுக்கு ஜி.எச். (கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மை) 6 முதல் 8, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 200 முதல் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் 900, ஆர்.ஓ. 40 என்றால், ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. கலந்தால் 255 வரும். கணக்கு சரி. ஆனால் டி.டி.எஸ். மீட்டர் எதையும் பிரித்துச் சொல்லாது. கடலோரத்து போர் தண்ணீரில் அந்த 900-ல் பெரும்பகுதி சமையல் உப்பாக இருக்கலாம், மீட்டர் அதையும் கால்சியத்தையும் ஒரே கணக்கில் எழுதும். சொட்டு மருந்து விட்டு நிறம் மாறும்வரை எண்ணுகிற ஜி.எச். பரிசோதனைப் புட்டி ஒன்று வாங்குங்கள். மீட்டரை விட அதுதான் இறாலின் பக்கம் பேசும்.

தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் ஈடுகட்ட வெறும் ஆர்.ஓ. ஆவியானது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. கலவைத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் தொட்டி உப்பளம் ஆகிவிடும்.

2023 மார்ச் 5

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை ஊற்றலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். அது செம்புக் குழாய்ச் சுருளின்மேல் வழிந்து வருவது. செம்பு இறாலுக்கு ஆகாது. அதே காரணத்தால் பித்தளைக் குழாய்த் துண்டு, மயில்துத்தம் கலந்த மீன் மருந்து, வீட்டுப் பித்தளைக் குவளை எதுவும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. செடி உரத்தில் இருக்கும் துளிச் செம்பைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த அளவு ஒன்றும் செய்யாது.

மழைத் தண்ணீர்? தாராளமாக. முதல் மழையை மொட்டைமாடியைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடியுங்கள். ஆர்.ஓ. போலவே அதிலும் தாது உப்பு சேர்த்த பிறகுதான் தொட்டிக்குள்.

2023 மார்ச் 19

செடிகள். ஜாவா பாசி, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். மூன்றுக்கும் மண் வேண்டாம், கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டினால் போதும், பெரிய விளக்கும் வேண்டாம். மண்ணில் நடுவதற்குக் கிரிப்டோகோரைன். கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்டி வகை இலங்கையின் ஓடைகளுக்கே உரியது. நம் தண்ணீரும் வெயிலும் அதற்கு அந்நியமல்ல. நட்ட பிறகு இலையெல்லாம் கண்ணாடித்தாள்போல் வெளிறிக் கரைந்து போகும். பிடுங்கி எறியாதீர்கள். கிழங்கு உயிரோடு இருந்தால் அதே இடத்தில் புது இலை வரும்.

தோட்ட மண்ணை அடியில் போட்டு மேலே மணல் மூடுவது பற்றி: சலித்த செம்மண் பரவாயில்லை. சாணமோ மண்புழு உரமோ கலந்த மண் வேண்டாம், மாதக்கணக்கில் அம்மோனியா கக்கும். கடையில் விற்கும் கருப்பு உருண்டை மண் பி.எச்.சைக் கீழே இழுக்கும் வகை, அது கிரிஸ்டல் ரெட் போன்ற காரிடினா இறால்களுக்கானது. ஜப்பானில் ஹிசயசு சுசுகி 1990களில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய சிவப்பு வெள்ளை இறால் அது. பார்க்க அழகுதான். பி.எச். 6 பக்கம், 23 டிகிரி, நாள் முழுக்கக் குளிர்விப்பான். மின்கட்டணத்தை வேறு யாராவது கட்டுகிறவர்கள் வளர்க்கலாம்.

வாங்கிய செடியை ஒரு வாரமாவது தனி வாளியில், தினம் தண்ணீர் மாற்றி ஊறப்போடுங்கள். நத்தையும் பூச்சியும் இல்லாமல் பளபளவென்று வரும் செடி, பூச்சி மருந்தில் குளித்து வந்ததாக இருக்கலாம்.

2023 ஏப்ரல் 9

இறால் விட்டாயிற்று. பையை மிதக்கவிட்டு உடனே திறந்து கொட்டாமல், காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பாத்திரத்தில் இறக்கி, அளவு மூன்று மடங்கு ஆன பிறகு வலையால் எடுத்து விட்டேன். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவில்லை.

விட்ட மறுநாள் காலையில் எல்லோரும் எழுதுகிற கேள்வியை இப்போதே எழுதிவிடுகிறேன்: “ஒன்று செத்துக் கிடக்கிறது, கண்ணாடி மாதிரி இருக்கிறது.” அது சாகவில்லை, சட்டை உரித்திருக்கிறது. செத்த இறால் வேகவைத்ததுபோல் இளஞ்சிவப்பாக, உள்ளே சதை நிறைந்து இருக்கும். உரித்த சட்டை காலியாக, மீசை உட்பட முழு உருவமாக இருக்கும். எடுக்காதீர்கள், அவையே தின்று கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

அம்மா தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “இத்தனை செலவுக்குக் காசிமேட்டில் வாங்கியிருந்தால் வீடே தொக்கு சாப்பிட்டிருக்கும்” என்றார். வளர்ந்த செர்ரி இறால் மூன்று சென்டிமீட்டர்தான் என்று சொன்னேன். அதற்கு அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

2023 மே 7

கத்திரி தொடங்கிவிட்டது. அறை 35, தொட்டி 29. குளிர்விப்பான் இல்லை. கணினிக்குப் பயன்படும் இரண்டு சிறு மின்விசிறிகள் தண்ணீரின் மேற்பரப்பை நோக்கி ஊதுகின்றன, அவ்வளவுதான். மண்பானை வேலை செய்கிற அதே விதம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நாற்பது லிட்டர் தொட்டியில் வெளியிலிருந்து சூடு வராமல் இருந்தால் அது 14 டிகிரி குறைப்புக்குச் சமம். சூடு வந்துகொண்டே இருப்பதால் நமக்குச் சில டிகிரிதான் மிஞ்சுகிறது, அதுவே இறாலுக்கு உயிர். மூடியைத் திறந்து வையுங்கள். விளக்கைப் பகலில் அணைத்து மாலையில் போடுங்கள். காற்று மோட்டாரை நிறுத்தாதீர்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30-ல் ஏழரைதான்.

ஐஸ் கட்டி போடலாமா என்று கேட்டவருக்கு: காலையில் 31, மதியம் 25, மாலையில் மறுபடி 31 என்று ஏற்றி இறக்குவதைவிட நிலையான 29 மேல்.

2023 மே 8

கோவையிலிருந்து ஒருவர் தன் விசிறி ஐந்து டிகிரி குறைத்ததாக எழுதியிருக்கிறார். நம்புகிறேன். அங்கே காற்று காய்ந்து கிடக்கும். இங்கே கடற்காற்று திரும்பிவிட்டால் காற்றே ஈரத்தில் நனைந்திருக்கும், ஆவியாக இடமேது? நேற்று எழுதிய கணக்கைச் சென்னைக்காரர்கள் மாலை நேரத்தில் பாதியாக எடுத்துக்கொள்ளவும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் நண்பர்களும் அப்படியே.

2023 ஜூன் 18

முட்டை! கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சி இது. பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் சேணம்போல் மஞ்சள் திட்டு இருந்தது. சட்டை உரித்த இரவு ஆண்கள் எல்லாம் தொட்டி முழுக்கத் தறிகெட்டு நீந்தின. காலையில் அந்தத் திட்டு காணாமல் போய், வயிற்றுக்கடியில் மஞ்சள் முட்டைகள். நீச்சல் கால்களால் அவற்றை ஓயாமல் விசிறிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே ஒரு முட்டையைப் பின்காலால் புரட்டி, துடைத்து, திரும்ப வைக்கிறது. இருபது முப்பது முட்டை இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் பொரியும். பொரிப்பதற்குச் சில நாள் முன்பு ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளி தெரியும், கண்கள்.

குஞ்சுகள் பெரியவற்றின் நகலாகவே வெளியே வரும். தனித் தொட்டி தேவையில்லை. பாசி அடர்த்தியாக இருக்க வேண்டும், மீன் இருக்கக்கூடாது. கப்பி சாது என்பார்கள். வாய்க்குள் நுழையும் எதற்கும் கப்பி சாதுவல்ல.

2023 ஜூன் 20

“என் அமானோ இறாலும் முட்டை போடுகிறது, குஞ்சு ஒன்றுகூட வரவில்லை.” வராது. ஜப்பானியச் செடித்தொட்டிக் கலைஞர் டகாஷி அமானோ பாசி தின்பதற்காகச் செடித் தொட்டிகளில் விட்டுப் புகழ்பெறச் செய்த இறால் அது. அதன் இளம்புழுக்கள் ஓடையோடு அடித்துக்கொண்டு கடலை நோக்கிப் போய் உப்பு நீரில் வளர்ந்து, பிறகு ஓடைக்குத் திரும்புபவை. நன்னீர்த் தொட்டியில் பொரித்த சில நாளில் செத்துவிடும். வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

2023 ஜூலை 16

கண்ணாடியில் வெள்ளைப் புழு, தலை அம்புமுனை போல. பிளனேரியா. குஞ்சுகளைத் தின்னும். அதிக உணவு போட்டால் பெருகும். இதற்கென்று விற்கும் ஒரு மருந்துத் தூளில் பாக்கின் சாரம்தான் சரக்கு. அதற்காகத் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொட்டைப்பாக்கை எடுத்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், அளவு தெரியாத பாக்கு எதைக் கொல்லும் என்று சொல்ல முடியாது. நாய்க்கும் ஆட்டுக்கும் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோலும் பிளனேரியாவைக் கொல்லும். இரண்டிலுமே இறால் பிழைக்கும், வரி நத்தைகள் பிழைக்காது. நத்தைகளை முதலில் மாற்றிவிடுங்கள்.

2023 ஆகஸ்ட் 20

உணவு. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவு. மற்ற நாட்களில் நாட்டு வாதுமை இலை. தெருவெல்லாம் கிடக்கிற மரம் அது, கடையில் பொட்டலம் கட்டி விற்பதை ஏன் வாங்குகிறீர்கள்? தானாக விழுந்து காய்ந்து பழுப்பான இலையாக எடுத்து, கழுவி, கொதிநீர் ஊற்றி, ஓர் இலை போடுங்கள். தண்ணீர் தேயிலைச் சாயத்தில் மாறும், அது நல்லதே. சில நாளில் இலைமேல் படியும் வழுக்கலை மேய்ந்து, பிறகு இலையையே தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும். பெரிய சாலையோர மரம் வேண்டாம், புகை படிந்திருக்கும். சந்தைக் கீரையை விட வீட்டு மாடியில் வளர்ந்த கீரை நல்லது, சந்தைக் கீரையில் பூச்சி மருந்து ஒட்டியிருக்கலாம்.

2023 அக்டோபர் 22

இதைத்தான் பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பி.எச்., ஜி.எச். என்று இத்தனை எழுதினேன். நம் ஊரில் நன்றாக ஓடுகிற தொட்டியை ஒரே இரவில் காலி செய்வது கொசு மருந்து.

கொசுவிரட்டித் திரவத்தில் இருப்பது பெரும்பாலும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின், கொசுவத்தியில் அதன் உறவுகள். எல்லாம் பைரெத்ராய்டு வகை. மனிதனுக்கும் பூனைக்கும் எலிக்கும் அது நச்சாகும் அளவு வேறு வேறு. கொசுவும் இறாலும் இரண்டுமே கணுக்காலிகள், கொசுவைக் கொல்வது இறாலைக் கொல்லாமல் விடுமா? மூடியிருக்கிற தொட்டியும் தப்பாது, ஏனென்றால் காற்று மோட்டார் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக ஊதிக்கொண்டிருக்கிறது. அறிகுறி எளிது: இறால்கள் அங்குமிங்கும் விசிறியடிக்கும், மல்லாந்து கால்களை உதறும். நத்தைகள் ஒன்றும் நடக்காததுபோல் ஊர்ந்துகொண்டிருக்கும். பிறகு எல்லோரும் அம்மோனியாவை அளந்து பார்த்துக் குழம்புவார்கள்.

என் அறையில் கொசுவலைதான், விரட்டி கிடையாது. மோட்டார், ஜன்னலோரம் வேறு அறையில் இருக்கிறது, நீளக் குழாய் இங்கே வருகிறது. தெருவில் கொசுப்புகை அடிக்கும் வண்டியின் சத்தம் கேட்டால் ஜன்னல் சாத்தி, மோட்டார் நிறுத்தி, தொட்டிமேல் ஈரத் துணி. ஒரு மணி நேரம் தாங்கும். மழைக்காலத்தில் டெங்குக்காக மாநகராட்சி ஊழியர்கள் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவர்களில் ஒருவர் போன வாரம் வீட்டுக்கே வந்தார். கையில் டார்ச், சுவரில் ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம். ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்துவிட்டு இறால் தொட்டிக்கு வந்தார். டார்ச்சை மேற்பரப்பில் சாய்த்து அடித்தார், உற்றுப் பார்த்தார், “தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கிறது, சரி” என்று போய்விட்டார். ஃபில்டர் இல்லாத ஜாடி கேட்டவர் கவனிக்கவும். ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது அசையாத தண்ணீரை. இறால் கொசுப்புழுவைத் துரத்திப் பிடிக்காது. உங்கள் மேசைமேல் இருக்கப்போவது ஓர் உலகம்தான், யாருடைய உலகம் என்பதே கேள்வி.

2023 அக்டோபர் 23

“மூலிகை விரட்டி என்றால் பரவாயில்லையா?” எந்த மூலிகை என்று அட்டையில் படியுங்கள். பைரெத்ரின் என்பதே சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து வருவதுதான். நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கை, தலைக்குப் பேன் மருந்து தேய்த்த கை, இரண்டும் தொட்டிக்குள் போகக்கூடாது.

2023 டிசம்பர் 10

மிக்ஜாம் புயல் போய்விட்டது. தெருவில் தண்ணீர், மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. இறால்கள் எல்லாம் இருக்கின்றன. பேட்டரியில் ஓடும் சிறிய காற்று மோட்டாரை விட்டுவிட்டு ஓட்டினேன், உணவு ஒரு துகள்கூடப் போடவில்லை. டிசம்பர் தண்ணீர் 25 டிகிரி, பாசி அடர்த்தி, கூட்டம் குறைவு, அதனால் தாங்கியது. இதே மின்வெட்டு மே மாதத்தில் வந்திருந்தால் வேறு கதை எழுதிக்கொண்டிருப்பேன். ஆகவே பேட்டரி மோட்டாரை வாங்குகிறவர்கள் புயலுக்காக வாங்க வேண்டாம், கத்திரிக்காக வாங்குங்கள்.

ஜாடிக்காரருக்கு ஒன்று. ஐந்து லிட்டரில் ஜாவா பாசி மட்டும் போட்டு, கொசு நுழையாத வலை கட்டி, ஜன்னலோரம் வையுங்கள். நன்றாக வளரும். பெரிய தொட்டி வந்தபின் அதையே உள்ளே மாற்றலாம், குஞ்சுகளுக்குத் தயாரான மேய்ச்சல்.

2024 ஜனவரி 7

சிவப்போடு நீலமும் மஞ்சளும் கலந்து விடலாமா? விடலாம், எல்லாம் ஒரே இனம்தான், தாராளமாகக் கலக்கும். சில தலைமுறையில் வண்ணம் எல்லாம் கரைந்து, மண் நிறத்தில், ஓடையில் இருந்த மூதாதையர் மாதிரியே ஆகிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம். சிவப்பிலும் வெளிறியவை பிறந்துகொண்டே இருக்கும், அவற்றைத் தனியாகப் பிரித்தால்தான் சிவப்பு நிற்கும்.

பிரித்ததை ரெட்டேரியில் விட்டுவிடலாமே என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். கூடாது. ஜெர்மனியில் கில்பாக் என்று ஓர் ஓடை, மின்நிலையத்தின் வெந்நீர் கலப்பதால் குளிரிலும் உறையாது. யாரோ விட்ட செர்ரி இறால் அங்கே குடும்பம் நடத்துகிறது. உறைகிற நாட்டிலேயே அந்த நிலை. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய முள் கெளுத்தி இன்று நம் ஏரிகளில் வலையைக் கிழிக்கிறது, அதுவும் யாரோ ஒருவர் வாளியில் கொண்டுபோய்க் கொட்டியதுதான்.

வெளிறியவற்றை வேண்டுபவர்களுக்குச் சும்மா தருகிறேன். தொட்டி நான்கு வாரம் ஓடியிருக்க வேண்டும், ஜி.எச். எவ்வளவு என்று எழுதுங்கள். மூடியுள்ள ஒரு லிட்டர் டப்பாவோடு வாருங்கள், பிடித்துத் தொங்கிக்கொண்டு போக ஒரு கொத்துப் பாசியும் போட்டுத் தருவேன். வெயிலுக்கு முன்பு காலையில் வரவும். வீட்டில் கொசுவிரட்டி மாட்டியிருப்பவர்கள் கழற்றிவிட்ட பிறகு கேட்கவும்.